மூணாவது ஓலைக்கு முன்னாடி சொல்லிரு கண்ணு

கண்ணு,

போன் பண்ணினா நீ எடுக்கறதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா"ன்னு வெச்சர்றே. ஞாயித்துக்கிழமையும் மீட்டிங் நடக்கற கம்பெனியில என் மகன் வேலை பார்க்கறது எனக்கு இப்பத்தான் தெரியுது. சரி, பேச வேண்டாம், படி. நின்னுக்கிட்டே படிச்சுப்போட்டு மடிச்சு வெச்சராதே, உட்கார்ந்து படி. இதுல உன் பேரை நான் எங்கேயும் எழுதல. உனக்குப் பேசி முடிச்சிருக்கற அந்தப் புள்ள பேரையும் எழுதல. நாளைக்கு இது யார் கைக்குப் போனாலும் அவங்களுக்கு ஒரு வியாதியைப் பத்தித் தெரியுமே தவிர உன்னைப் பத்தித் தெரியாது. தெரிஞ்சுக்கட்டும், நல்லதுதான். எனக்கு இதையெல்லாம் யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல உன் கல்யாணத்துக்கு மூணாவது ஓலை வாசிக்கப் போறாங்க. இன்னாரோட மகன் இன்னாரோட மகளைக் கட்டப் போறாரு, இதுக்குத் தடை ஏதாச்சும் இருக்கறது தெரிஞ்சவங்க பங்குச்சாமியார்கிட்ட வந்து சொல்லணும்னு மூணு ஞாயிறு பூசையில வாசிக்கறது நம்ம வழக்கம். பொறந்ததில இருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கேன். அந்த நேரத்துல பொதுவா எந்தச் சேலை பூசைக்கு நல்லா இருக்குன்னு முன்வரிசையைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். போன ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்கறப்ப எந்தச் சேலையும் என் கண்ணுல படலை. வியாதி ஒரு தடைன்னு எந்தச் சட்டமும் சொல்லலை, அது எனக்கும் தெரியும். ஆனா கட்டிக்கப் போற புள்ளைக்குத் தெரியாத ஒண்ணு உனக்கும் எனக்கும் தெரிஞ்சிருக்கு. அதை வெச்சுக்கிட்டு அந்த பெஞ்சில உட்கார்றது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது, நீ பெங்களூருக்குப் போயிட்டே.

முதல்ல இருந்து சொல்றேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து இறங்கினப்பவே மூஞ்சி வாடியிருந்துச்சு. காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, தொடை இடுக்குல நெறி கட்டிப் போச்சுன்னு காலை அகட்டி அகட்டி நடந்தே. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு உங்கப்பாகிட்டச் சொன்னே, அவரு எங்கிட்டச் சொன்னாரு. என்னடான்னு கேட்டா "சூட்டுக் கொப்புளம்மா"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டே. நம்ம ஊர்ல உடம்புல எது வந்தாலும் சூடுதானே. நானும் விடலையே. வெந்தயத்தை ஊற வெச்சேன், எளநீ வெட்டச் சொன்னேன், தொப்புள்ள விளக்கெண்ணெய் வெச்சுக்கடான்னு கிண்ணத்தோட நின்னேன். அதுக்கும் கேக்கலைன்னதும் அக்கியா இருக்கும், மண்பானை செய்யற ஊட்டுக்குப் போயி காவிக்கல்லுல அக்கி எழுதிட்டு வரலாம் வான்னு கூப்பிட்டேன். எந்த எடத்துலன்னு சொல்ல உனக்கு வாய் வரலை, எனக்குக் கேக்க அறிவு வரலை. நானே காவியைக் கரைச்சு உன் ரூம் வாசல்ல வெச்சேன். நீ அதைத் தாண்டிக் குளிக்கப் போனே.

ரெண்டு வாரத்துல உனக்குக் குணமாயிருச்சு. எனக்கு அப்ப வந்த பெருமை இருக்கே, அதைச் சொல்லி மாளாது. கணபதி ஏரியாவுல நம்ம தெரு முழுக்க "என் வைத்தியம் கேட்டுருச்சு பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பத் தெரியுது, நான் எதுவுமே செய்யாம இருந்திருந்தாலும் அது தானாவே ஆறியிருக்கும். ஆர்றதும் அதோட குணம், திரும்பி வர்றதும் அதோட குணம். அந்தப் பெருமையில உன்னை ஒரு டாக்டர்கிட்டப் போடான்னு சொல்லாம விட்டுப்போட்டேன். தை மாசத்துல பொண்ணு பார்த்து முடிச்சோம். தவக்காலத்துல உனக்கு மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை, முதல்ல ஒரு மாதிரி குறுகுறுன்னு இருந்துச்சு, அப்பறம் நாலஞ்சு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்னு பின்னாடி சொன்னே. நல்லவேளை, அப்ப நீயா ஒரு டாக்டர்கிட்டப் போனே. அவரு கொப்புளத்துல இருந்தே பஞ்சுக்குச்சியில ஒத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாரு.

முதல் ஓலை வாசிச்ச அன்னைக்குச் சாயங்காலம் பொழுதோட, நான் அடுப்படியில பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கிட்டு இருந்தப்ப வந்து நின்னே. "அம்மா, அது சூடு இல்லை. ஹெர்பிஸ். மறைவிடத்துல வர்றது. உடம்பை விட்டுப் போகாதாம்"னே. உன் குரல் அப்படி ஒடைஞ்சு நான் கேட்டதில்லை. அந்த நேரத்துல ஒரு தாய் என்ன பண்ணியிருக்கணும்? நான் என்ன பண்ணினேன்? "யாருடா அவ"ன்னு கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "முடிஞ்சு போனதும்மா, அவளுக்கே தெரிஞ்சிருக்காது"ன்னே. நான் அந்தப் பொண்ணு குலத்தையே இழுத்துப் பேசினேன். நீ கடைசியா ஒண்ணே ஒண்ணு சொன்னே. "அப்பாகிட்டச் சொல்லாதே, கட்டிக்கப் போறவகிட்டயும் சொல்லாதே, சொன்னா கல்யாணம் நின்னுரும்." நானும் சரின்னு தலையை ஆட்டினேன்.

அதுக்கப்பறம் நான் பண்ணினதை எழுத எனக்கே கூசுது. உன் துண்டைத் தனியா வெந்நீர்ல போட்டேன். பாத்ரூம்ல நீ போயிட்டு வந்ததும் பினாயில் ஊத்தினேன். சின்ன வயசுல நீ முதல் நன்மை வாங்கின புதுநன்மைக்கு உங்க மாமா உன் பேரு வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டு இருக்குதில்ல, இத்தனை வருசமா நீ ஊட்டுக்கு வந்தா அதுலதான் சாப்பிடுவே, அதை எடுத்துப் பின்னாடி துணி தொவைக்கற கல்லு மேல தனியா வெச்சேன். புதன்கிழமை காலையில நீ அதைப் பார்த்துட்டே. நீ சண்டை போடுவேன்னு நினைச்சேன். அந்தத் தட்டை எடுத்து நீயே வெளக்கி, நான் வெச்ச எடத்துலயே திரும்ப வெச்சே. "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா"ன்னு பையை எடுத்தே. இட்லி ஆவி பறக்க வேற ஒரு தட்டுல இருந்துச்சு. நீ சாப்பிடாமப் போனே.

உங்கப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. பட்டறையில லேத் ஓடற சத்தத்துக்கு மேல கத்தி, "என்ற பையனுக்குக் காபி, டீ தவிர ஒரு பழக்கம் கிடையாதுங்க"ன்னு வர்றவங்ககிட்டெல்லாம் பத்திரிகை நீட்டறாரு. நீ போன அன்னைக்கு மத்தியானம், "ஏம்மா, பையன் தட்டு ஏன் வெளிய கிடக்குது?"ன்னு கேட்டாரு. "கீறல் விழுந்திருச்சுங்க"ன்னேன். அந்த மனுசன் நம்பிட்டாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைச் சந்தேகப்படாத ஆளுகிட்ட ஒரு தட்டுக்காகப் பொய் சொன்னேன். ரெண்டாவது ஓலை முடிஞ்சதும் என்னால முடியலை, நேரா சாமியாரைப் பார்க்கப் போனேன். "என்னம்மா, கல்யாண வேலையெல்லாம் எப்படி?"ன்னு சிரிச்சாரு. வாய் வரைக்கும் வந்துச்சு. "பீடத்துல பூ எவ்வளவு வெக்கலாம்னு கேக்க வந்தேனுங்க சாமி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

இந்த வெசனத்துல எனக்கு உதட்டோரத்துல எப்பவும் வர்ற புண்ணு வந்திருச்சு. உனக்குத்தான் தெரியுமே, எனக்குக் காய்ச்சல் வந்தாலோ தூக்கம் கெட்டாலோ உதட்டுல நீர் கோத்துக்கிட்டு பொரிப்பொரியா வரும், பல்லி எச்சம் பட்டிருச்சுன்னு சுண்ணாம்பு வெச்சுக்குவேன். திங்கக்கிழமை அதையே சாக்கா வெச்சு ஆர்.எஸ்.புரத்துல ஒரு தோல் டாக்டரம்மாகிட்டப் போனேன். நீ போன டாக்டர் இல்லை, வேற. உன்னைப் பத்திக் கேக்கத்தான் போனேன். ஆனா உதட்டைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். "தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு இப்படி இருக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "சொல்லுங்க, தெரிஞ்ச பையனுக்கு என்ன?"ன்னாங்க. எல்லாத்தையும் கொட்டிப்போட்டேன். துண்டு, பினாயில், தட்டு எல்லாத்தையும்.

அந்தம்மா என் உதட்டைப் பார்த்தாங்க. "இது எத்தனை வருசமா வருதுங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி இருந்தே வருதுங்க. பல்லி எச்சம்."

"பல்லி மேல ஏனுங்க பழி போடறீங்க. இதுவும் ஹெர்பிஸ்தான். வைரஸ்ல ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு வகை இருக்கு, சித்தப்பா பெரியப்பா மக்க மாதிரி. ஒண்ணாவது பெரும்பாலும் வாயில வரும், ரெண்டாவது பெரும்பாலும் கீழ வரும். எடம் மாறியும் வரலாம், வாயில இருக்கறது கீழயும் தொத்தும். ரெண்டும் நரம்புல போயி ஒளிஞ்சுக்கும், உடம்பு களைச்சா வெளிய வரும். அக்கின்னு நீங்க சொல்றதும் தூரத்துச் சொந்தம்தான், ஆனா அது வேற வைரஸ்."

நான் வாயைத் தொடைச்சுக்கிட்டேன். அந்தம்மா மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. "இத்தனை வருசத்துல உங்க தட்டை யாராச்சும் தனியா வெச்சாங்களாங்க?"

கண்ணு, அந்த நாற்காலியில உட்கார்ந்து நான் அழுதுட்டேன். அந்த உதட்டோடதான் உன்னை முத்தம் கொடுத்து வளர்த்தேன். உனக்கு எச்சில் பண்ணி ஊட்டியிருக்கேன். என் வைரஸுக்குப் பல்லின்னு பேரு வெச்சேன், உன்னோடதுக்குப் பாவம்னு பேரு வெச்சேன். என்னை எல்லாரும் "பாவம், உதடு வெடிச்சிருக்கு"ன்னு சொன்னாங்க, உன்னை நான் பினாயில் ஊத்திக் கழுவினேன். இதுக்கு நீ என்னை மன்னிக்கணும்னு கேக்கறேன். அம்மாங்கற உரிமையில கேக்கலை, தப்புப் பண்ணினவளா கேக்கறேன்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் உனக்குச் சொல்றேன், உனக்குத் தெரிஞ்சதா இருந்தாலும் என் வாயால ஒரு தடவை கேளு. தட்டுல, டம்ளர்ல, துண்டுல, கக்கூஸ் சீட்டுல இது தொத்தாது. தோலோட தோல் உரசித்தான் தொத்தும், உறவுலதான் முக்கியமா. நிறையப் பேருக்கு வந்ததே தெரியாது, ஒரு கீறலோ பூச்சிக்கடியோன்னு நினைச்சு விட்டுருவாங்க. அதனால உனக்குக் கொடுத்த அந்தப் பொண்ணை நான் திட்டினதும் தப்பு, அவளுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு நீ சொன்னது சரி. புள்ளை பெத்துக்கறதுக்கு இது தடை இல்லை. மாத்திரை இருக்கு, வைரஸை ஒழிக்காது, ஆனா வந்தா சீக்கிரம் ஆத்தும். தினமும் சாப்பிட்டா வர்றதும் குறையும், மத்தவங்களுக்குப் போறதும் குறையும். எச்.ஐ.வி.யும் மத்ததும் சேர்த்து ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க. பண்ணிட்டயா? பண்ணலைன்னா இந்த வாரமே பண்ணு.

இப்பக் கவனமாப் படி, உன் சாக்குக்கெல்லாம் பதில் சொல்றேன். நீ மறுநாள், "வருசத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் வரும், அப்ப மட்டும் தள்ளி இருந்துக்கறேன், அவளுக்கு ஏன் தெரியணும்?"னே. அப்படி இல்லை கண்ணு. கொப்புளம் இல்லாத நாள்லயும், ஒரு குறுகுறுப்பும் இல்லாத நாள்லயும் வைரஸ் தோல்ல வந்துட்டுப் போகும். கொப்புளம் இருக்கறப்பவும் அந்தக் குறுகுறுப்பு ஆரம்பிக்கறப்பவும் கட்டாயம் தள்ளி இருக்கணும், அது போதாது. ஆணுறை போட்டா குறையும், முழுசா நிக்காது, அது மூடாத எடமும் இருக்குதே. ஒரு தாய் தன் மகனுக்கு ஆணுறைன்னு எழுத வேண்டி வந்திருக்கு பார். எழுதிப்போட்டேன், நீயும் வெக்கப்படாமப் படிச்சுரு.

ரெண்டாவது, "ரெண்டு பேரும் பொதுவா ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கறோம், அதுலயே தெரிஞ்சுக்கட்டும்"னே. நானும் அதைப் பெரிய ரோசனைன்னு நினைச்சு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். வழக்கமா எடுக்கற டெஸ்டுல பெரும்பாலும் இது சேர்ந்தே இருக்காதாம். தனியாக் கேட்டு எடுத்தாலும் புதுசா தொத்தியிருந்தா சில வாரம், சில சமயம் சில மாசம் வரைக்கும் ரத்தம் காட்டாது. சில நேரம் இல்லாததை இருக்குன்னும் காட்டிரும். எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த ரத்தமும் சொல்லாது. அதனாலதான் கொப்புளத்துல இருந்தே எடுத்த உன் டெஸ்டு சந்தேகமில்லாதது. உனக்கு உறுதியாத் தெரியும். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்ற வேலையை லேப்காரன் தலையில கட்டாதே.

மூணாவதா நீ வாய்விட்டுச் சொல்லலை, ஆனா எனக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்சு பழகினதுக்கப்பறம் சொல்லிக்கலாம்னு நினைக்கறே. இதுதான் எல்லாத்துலயும் கேடு கெட்டது. நெறமாசத்துல ஒரு பொண்ணுக்குப் புதுசா இது தொத்தினா பொறக்கற குழந்தைக்கு உசுருக்கே ஆபத்தாகலாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரசவம் பார்க்கற டாக்டர் மாத்திரை கொடுப்பாங்க, பார்த்துக்குவாங்க, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அவளுக்குத் தெரியணும், அவ உடம்பு அது. நீ மறைச்சு, ஒருநாள் அவளுக்குக் காய்ச்சலும் கொப்புளமும் வந்து, அவங்கம்மா "சூடு"ன்னு வெந்தயம் ஊற வெச்சா, நீ அப்ப என்ன பண்ணுவே? பக்கத்துல நின்னு எளநீ வெட்டுவியா? அதை நினைச்சுத்தான் நான் தூங்கலை.

நீ மட்டும்தான் மறைக்க நினைச்சேன்னு நான் சொல்லலை. ரெண்டு நாள் நானும் அதேதான் நினைச்சேன். மண்டபம் பேசியாச்சு, ஒறம்பறை சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு, கோயில்ல பேரு வாசிச்சாச்சு, இப்ப நின்னா என் மூஞ்சியை எங்க கொண்டு போயி வெக்கறதுன்னு பயந்தேன். இன்னும் பயம் போகலை. அவ வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா அது அவ உரிமை, அதுக்காக அவளை ஒரு வார்த்தை நம்ம ஊட்டுல யாரும் பேசக் கூடாது, உங்கப்பா உட்பட.

நேத்து அந்தப் புள்ள கொடுமுடியில இருந்து எனக்குப் போன் பண்ணினா. முக்காடு எந்த நீளம் எடுக்கட்டும்னு கேட்டா. கேட்டுட்டுப் போனை வெக்காம நின்னா. "அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு ரெண்டு தடவை எதையோ சொல்ல வந்து, வேற பேச்சுக்குப் போயிட்டாருங்க. அவருக்கு என்னைப் பிடிக்கலைங்களா? பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்"னா. பார்த்தியா, நீ மறைக்கறது உன் வியாதியை. அந்தப் புள்ளை படிக்கறது வேற என்னமோ. தன்கிட்ட என்ன குறைன்னு தேடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. என் வாய்ல அப்ப ரெண்டு பதில் இருந்துச்சு. "ஒண்ணுமில்லை அம்மணி, கல்யாண டென்ஷன்"னு ஒண்ணு. அதைச் சொல்லியிருந்தா நானும் உன்கூடச் சேர்ந்து அவளை ஏமாத்தினவ ஆயிருப்பேன்.

நான் சொன்னது இதுதான். "உன்னைப் பிடிக்காம இல்லை கண்ணு. அவன் உங்கிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அது என்னன்னு நான் சொல்றது முறை இல்லை. சனிக்கிழமை அவன் அங்க வருவான், அவனே சொல்லுவான். கேட்டுட்டு நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் உன் பக்கம் நிப்பேன்." "சரிங்க அத்தை, சனிக்கிழமை காத்துட்டு இருக்கேன்"னு வெச்சுட்டா. உங்கிட்டக் கேக்காம வாக்குக் கொடுத்துட்டேன். கோபம் வரும். வரட்டும். உன்கிட்டத் தலையாட்டினதை நான் மீறலை, ரகசியம் இன்னும் உன் கையிலதான் இருக்கு. ஆனா அவ காத்துக்கிட்டு இருப்பா.

அதனால வெள்ளிக்கிழமை வண்டியேறிரு. போன்ல சொல்லாதே, மெசேஜ் அனுப்பாதே. ஹோட்டல்ல மூலையில உட்கார வெச்சுச் சொல்லாதே. அவ ஊர்ல, அவ ஸ்கூட்டர் பக்கத்துல நிக்கற எடமாப் பாரு, எந்திரிச்சுப் போகணும்னு தோணுச்சுன்னா உடனே போக வசதியா இருக்கணும். சுத்தி வளைக்காதே. "எனக்கு ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ் இருக்கு. உனக்கு முன்னாடி ஒருத்தங்க கூடப் பழகினதுல வந்தது. இது குணமாகாது, கட்டுப்படுத்தலாம். உனக்குத் தொத்த வாய்ப்பு இருக்கு, குறைக்கலாம், முழுசா இல்லாமப் பண்ண முடியாது. டாக்டர்கிட்ட உன்கூட வாரேன், நீ என்ன வேணா கேளு." இவ்வளவுதான். அழுது அவளை இரக்கப்பட வெக்காதே. அன்னைக்கே பதில் கேக்காதே. அவ கேக்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, நான் கேட்ட மாதிரி மட்டமாக் கேட்டாலும் பொறுத்துக்க. அவங்க ஊட்டுல என்ன சொல்லணும், எவ்வளவு சொல்லணும்னு அவ முடிவு பண்ணட்டும். உங்கப்பாகிட்ட நான் இருக்கேன், நீ எப்பச் சொல்லச் சொல்றியோ அப்பச் சேர்ந்து சொல்லிக்கலாம்.

சனிக்கிழமை நீ போகலைன்னா என்ன பண்ணுவேன்னும் சொல்லிர்றேன், அப்பறம் சொல்லலைன்னு சொல்லாதே. ஞாயித்துக்கிழமை சாமியார் ஓலையைக் கையில எடுக்கறப்ப நான் பெஞ்சை விட்டு எந்திரிச்சு வெளிய போயிருவேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு வாசிக்கறப்ப, அந்த எடத்துல உட்கார்ந்து வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால ஆகாது. மாப்பிள்ளையைப் பெத்தவ எந்திரிச்சுப் போனா கோயில் என்ன பேசும்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இது மிரட்டல்னு நினைச்சா மிரட்டல்தான்.

போயிச் சொல்லிட்டு ஊட்டுக்கு வா. அவ சரின்னாலும் வா, வேண்டாம்னு சொன்னாலும் நேரா இங்க வா, பெங்களூருக்கு ஓடிராதே. என்ன ஆச்சுன்னு வாசல்ல வெச்சுக் கேக்க மாட்டேன். முதல்ல சாப்பிடு. அன்னைக்குச் சாப்பிடாமப் போனது எனக்கு நெஞ்சுல நிக்குது.

இன்னைக்குக் காலையில உன் தட்டை உள்ள எடுத்துட்டு வந்து எங்க தட்டுங்களோடயே அடுக்கினேன். மத்தியானம் எங்க ரெண்டு பேர் தட்டும் கழுவாம இருந்துச்சு, உங்கப்பாவுக்கு உன் தட்டுலதான் சோறு போட்டேன். அவரு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏம்மா, இதுல கீறல்னு சொன்னியே, எங்க?"ன்னு கேட்டாரு.

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேனுங்க. தட்டு நல்லாத்தான் இருக்குது"ன்னேன்.

அம்மா